பாதி மூடி

குதைபியாவில் ஆகஸ்ட் மாதம்
பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும்.
மொட்டைமாடித் தொட்டி நாள் முழுக்க வேகிறது.
அணைத்து வைத்த கீசரில்தான் கொஞ்சம் ஆறின நீர்.
இந்தத் தலைகீழ்ச் சமையலறையில்
ஏழு பேர், ஒரு சிங்க்,
என்னுடையதில்லை என்று ஏழு பேரும் சொல்லும்
ஒரு குவியல் பாத்திரம்.

போன மாதம் நெய்னாவுக்குக் காமாலை.
கண்ணின் வெள்ளை பழுத்ததைப் பார்த்ததும்
தேவசகாயம் கீழே கோல்டு ஸ்டோருக்கு ஓடினான்,
பெரிய பாட்டில் குளோராக்ஸோடு மூச்சிரைக்க ஏறி வந்தான்.
அன்றிலிருந்து எங்கள் சோற்றில்
நீச்சல்குளம் மணக்கிறது.

நான் ஜுஃபைரில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறேன்.
வேலையின் பெயர் ஸ்டூவர்டு.
பெண் கொடுத்தவர்கள் கப்பல் என்று நினைத்துக்கொண்டார்கள்.
நான் திருத்தவில்லை.

அங்கே மூன்று தொட்டி.
முதலில் சோப்பு, அடுத்தது வெறும் தண்ணீர்,
மூன்றாவதில் மருந்து.
காகித நாடாவை முக்கி எடுத்தால்
கத்தரிப்பூ நிறம் காட்ட வேண்டும்.
வெளிறினால் கிருமி சாகாது.
கறுத்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும்.
கத்தரிப்பூவுக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவே
என் சம்பளம் நிற்கிறது.

தேவசகாயத்திடம் நாடா இல்லை.
பயம்தான் அளவு.
"ஒரு மூடி காணுமாடே?" என்று கேட்டுக்கொண்டே
மூன்று மூடி ஊற்றுவான்.
செதில் ஒட்டிய தட்டில், சோறு காய்ந்த கரண்டியில்,
ஆவி பறக்கும் குழாய்நீரில்.
முதலில் தேய்த்துக் கழுவு என்றேன்,
அழுக்கின்மேல் ஊற்றினால்
அழுக்கைத் தின்றே அது களைத்துப்போகும்,
கிருமிவரை வராது.
கேட்கவில்லை. அலுமினியக் குக்கர் கறுத்தது.
அது முன்னாலேயே கறுப்பு என்றான்.

வெள்ளி இரவு நெத்திலிக் குழம்பு.
கவிச்சி போகவில்லை என்று
சட்டியில் வினிகரைச் சாய்த்திருக்கிறான்,
அதன் தலையில் குளோராக்ஸ்.

புகை எதுவும் இல்லை.
தொண்டையில் யாரோ மிளகாய் கிள்ளியதுபோல் இருந்தது.
நெய்னா பாதி மஞ்சள் கண்ணோடு எழுந்து
கதவைத் தேடிச் சுவரைத் தட்டினான்.
எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு
இரவு இரண்டு மணிக்கு ஏழு கைலிகள் படியிறங்கின.
நேபாளி வாட்ச்மேன் கேட்டான்: கேஸா?
கேஸ்தான், ஆனால் சிலிண்டர் இல்லை
என்பதை இந்தியில் சொல்ல எங்களுக்கு மூச்சு வரவில்லை.
ஈரக்காற்று வியர்த்துக்கொண்டிருந்தது.
வரிசையாய்ப் படியில் உட்கார்ந்து அழுதோம்,
சம்பளம் வராத மாதத்தில்கூட
ஒருவர் முன் ஒருவர் அழாதவர்கள்.

மறுநாள் ஓட்டலிலிருந்து நான்கு நாடா திருடினேன்.
கீசர் தண்ணீர் ஐந்து லிட்டர், பாதி மூடி.
நிறம் சரி.
கழுவின தட்டை இரண்டு நிமிடம் அமிழ்த்தி எடு,
துணியால் துடைக்காதே, தானாகக் காயட்டும்,
ஜன்னல் திறந்தே கிடக்கட்டும்.
தேவசகாயம் நாடாவை வாங்கிப்
பர்ஸில், மகள் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.
வினிகர் பாட்டில் இப்போது என் பெட்டியில் இருக்கிறது,
கம்பெனி வாங்கிக்கொண்ட பாஸ்போர்ட்
இருக்க வேண்டிய இடத்தில்.

அவனுக்குச் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன்.
கையுறை.
ஓட்டலில் கிழிந்தால் புதிது வர ஒரு வாரம் ஆகும்.
ஆறு வருடத்தில் எத்தனை வாரம் என்று எண்ணவில்லை.

செவ்வாய் காலை சிபிஆர் புதுப்பிக்கப் போனேன்.
கட்டைவிரலை வைத்தேன், மறுபடி என்றது இயந்திரம்.
ஆள்காட்டி விரல். மறுபடி.
கவுண்டர்ப் பெண் டிஷ்யூ நீட்டினாள்,
துடைத்து வைத்தேன். மறுபடி.
மூக்கைச் சுருக்கிக் கேட்டாள்,
நீச்சலுக்குப் போவீர்களா?

ஆமாம் என்றேன்.

கடைசியில் இடக்கைச் சுண்டுவிரலில் பச்சை விளக்கு எரிந்தது.
தட்டைப் பிடிக்கையில்
அது மட்டும் தண்ணீருக்கு வெளியே
நீட்டிக்கொண்டிருக்கும்.